கழுத்தளவு

முள்சங்கிலியின் கொக்கியை அண்ணன் மாட்டி முடிப்பதற்குள் அவள் ஓடிப்போய் அதன் மறுமுனையைப் பிடித்துவிட்டாள். உள்பக்கம் வளைந்த இரும்பு முட்கள் உள்ளங்கையில் அழுந்தின. அவள் விடவில்லை. அண்ணனும் விடவில்லை. இருவருக்கும் நடுவில், வீட்டுப் பின்புறக் குழாயடியில், அப்பாவின் நாய் துரை தன் நான்கு குச்சிக் கால்களையும் ஒடுக்கிக்கொண்டு நின்றது.

“விடு.”

“நீ விடு. முன்னால ஆளுங்க உக்காந்திருக்காங்க. இன்னிக்கும் சண்டையா?”

“இதை நான் குப்பையில போட்டேன். எங்கேருந்து வந்துச்சு?”

“பட்டறையில ஆணியில தொங்குச்சு. நீ போட்டா அப்பாவுக்கு எடுக்கத் தெரியாதா?”

“எதுக்கு இப்ப இது? துரை அது பாட்டுக்குத்தான நிக்குது.”

“காலையிலயும் அது பாட்டுக்குத்தான் நின்னுச்சு,” என்றான் அண்ணன். “சாயங்காலம் குடோன்காரர் வந்து காவலுக்குக் கூட்டிட்டுப் போறாரு. பேசியாச்சு. அதுவரைக்கும் இந்தச் சங்கிலிதான். உன் ரிப்பனை நம்பி அப்பா போனது போதும்.”

அவளுக்குக் கண் இருண்டது. அழுகையால் அல்ல, கோபத்தால். ஒரே வெட்டாக இழுத்துச் சங்கிலியைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்தாள். தண்ணீர் அண்ணனின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

“எறி,” என்றான் அவன், சட்டையைத் தட்டிக்கொண்டே. “தொட்டி எங்கயும் போயிடாது.”

அப்பா முன்னறையில் கிடந்தார். விடிந்ததும் வழக்கம்போல் துரையைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனவர். பெரிய சாலை முனையில் ஒரு பேருந்து நின்று காற்று பிரேக் புஸ்ஸென்று சீறியிருக்கிறது. துரை மிரண்டு பின்வாங்கியதும் கழுத்துப்பட்டை அதன் தலைவழியே கழன்று அப்பாவின் கையோடு வந்துவிட்டது. துரை பறந்தது. அப்பா அதன் பின்னால் ஓடினார். வாழ்நாளெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்தே கார் சீட் தைத்த மனிதர், நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிற மனிதர், குதிரையோடு போட்டி போடுகிற நாயின் பின்னால் ஓடினார். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவரைப் பார்த்த பால்கடைக்காரர், களைப்பாறுகிறார் என்றுதான் நினைத்தாராம்.

துரை என்னவோ ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தானாக வீட்டுக்கு வந்து கதவைப் பிறாண்டியது. அம்மா கதவைத் திறந்து, “அவரு எங்கே?” என்று அதனிடம்தான் கேட்டாளாம்.

இதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. நாய் ஓடினால் பின்னால் ஓடாதீர்கள், உட்கார்ந்து கூப்பிடுங்கள், அந்த ரகம் கால் தினவு தீர ஓடிவிட்டு வீடு வந்து சேரும் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். எந்தக் காதில் வாங்கினார்? செத்துப்போன மனிதரை உலுக்கி எழுப்பி, நான் சொன்னேனா இல்லையா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது.

அவள் வேலை பார்ப்பது ஒரு கால்நடை மருத்துவரிடம். ஊசி போடும்போது விலங்குகளைப் பிடித்துக்கொள்வது, புண் கழுவுவது, கட்டுப் போடுவது. சொந்தக்காரர்கள் வாயில் அவளுக்கு ‘நாய் நர்ஸ்’ என்று பெயர். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும் பிரேக் தன் காலடியில் இருந்தே ஆகவேண்டும் என்பது அவன் கொள்கை. வீட்டிலும் அப்படித்தான்.

துரையைப் போல இந்த ஊரில் இன்னொன்று இல்லை. அசவாக் என்று பெயர், பாலைவனத்து வேட்டை நாய். அப்பாவுக்கு அபூர்வ ரகங்கள் என்றால் பைத்தியம். குரைக்காத நாய், காலுக்கு ஆறு விரல் உள்ள நாய், மருந்துக்குக்கூட முடியில்லாத நாய் என்று பத்திரிகைப் படங்களைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார். நேரில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஒருநாள் ஒருவர், பின் சீட்டெல்லாம் கந்தலாகக் கிழிந்த காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிழித்த ஆசாமி அந்தக் கந்தல் நடுவிலேயே கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தது. குடும்பத்தோடு வெளிநாடு போகப்போகிறார், வண்டியை விற்றுவிடலாம், இதை என்ன செய்வது என்று தலையைச் சொறிந்தார். அப்பா சீட்டைத் தைத்துக் கொடுத்துவிட்டு நாயை வைத்துக்கொண்டார்.

“சீட்டைக் கிழிக்கிற நாயை சீட்டு தைக்கிறவரே வளர்க்கற கூத்து வேற எங்கயும் இல்ல,” என்றாள் அம்மா.

“தொழில் குடுக்கற நாய்டி,” என்றார் அப்பா.

பட்டறையின் பஞ்சு மெத்தை தவிர வேறெங்கும் படுக்காததால் துரை என்று பெயர். விலா எலும்பை எண்ணிவிடலாம். பார்க்கிறவர்களெல்லாம் சோறு போடுவதில்லையா என்று கேட்பார்கள். “அந்த ரகத்துக்கு எலும்பு தெரியணும், தெரியலன்னாதான் சீக்கு” என்று அப்பா ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நிற்பார்.

அந்த ரகத்துக்கு இன்னொரு குணம், கழுத்து தடிமன், தலை ஒடுக்கம். சாதாரண பெல்ட் ஒரு உதறலில் கழன்றுவிடும். அதற்குத்தான் நாய்க்கடைக்காரன் பேச்சைக் கேட்டு அப்பா முள்சங்கிலி வாங்கினார். ஒரு மாதத்துக்கு முன்பு கழுத்துப் புண்ணோடு துரையை மருத்துவரிடம் கொண்டுவந்தார். புண்ணைக் கழுவியவள் அவள்தான். முள் முள்ளாக ஒரு சுற்று. வாசல்வரை ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை.

“உங்க கழுத்துல ஒரு தடவை மாட்டிப் பாருங்கப்பா! அப்பத் தெரியும்!” என்று கத்தினாள்.

அப்பா துரையின் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலையே அளவு நாடாவோடு வந்து துரையின் காதுக்குப் பின்னால் அளவெடுத்து, தேடிப்பிடித்து அந்தப் பட்டையை வாங்கினாள். அகலமான மெத்தென்ற துணிப்பட்டை. அதன் இரண்டு முனை வளையங்களுக்கும் நடுவே ஒரு சின்ன வார் ஓடும். நாய் பின்வாங்கினால் வார் இழுபட்டுப் பட்டை சற்றே சுருங்கும், தலை கழலாது. நின்றால் தானே தளர்ந்துவிடும். வலி கிடையாது, காயம் கிடையாது. அண்ணன் அதே வாரம் பேட்டரி போட்ட பட்டை ஒன்று கொண்டுவந்தான். பொத்தானை அழுத்தினால் நாய்க்கு ஷாக் அடிக்கும். அவள் அதன் பேட்டரியைக் கழற்றி வீசினாள். அந்தச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை.

முன்னறைக்கு வந்தபோது அத்தை பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா. அவள் வாய்க்குப் பயந்துதான் புருஷன் காது கேளாதவர் ஆனார் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு.

“நாய்க்கு வலிக்கக் கூடாதுன்னு பாத்தா மகராசி. பெத்தவனுக்கு நெஞ்சு வலிச்சிருச்சு.”

ஒருவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பால்கடையிலிருந்து இங்கே வருவதற்குள் கதை கைகால் முளைத்துவிட்டிருந்தது. நாய் நர்ஸ் வாங்கிக் கொடுத்த பட்டை கழன்றுதான் ஆள் போனார்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அத்தை பக்கமே திரும்பவில்லை. அப்பாவின் சட்டையில் கழுத்துப் பட்டன் கழன்றிருந்ததை மாட்டிக்கொண்டிருந்தாள். பட்டன் துளை பெரிதாகியிருந்தது, மாட்ட மாட்டக் கழன்றது. மறுபடி மாட்டினாள். ஒரு வார்த்தை, என் மகளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“அதை விடும்மா,” என்றாள் அவள், தேவைக்கு மேல் சத்தமாக. “கழுத்து இறுகுது அவருக்கு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அத்தை உச்சுக் கொட்டினாள். அம்மா பட்டனை மாட்டிவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அவள் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பட்டை கழல வாய்ப்பே இல்லை. இரண்டு தடவை அளந்து வாங்கியது. போட்டுவிட்டுப் பின்னால் இழுத்தும் பார்த்தாள், மலைபோல் நின்றது. பிறகு எப்படி? அவள் அளந்ததில் பிழையா? அப்படியென்றால் அத்தை சொன்னது சரி. வாழ்நாள் முழுக்க அது சரியாகவே இருக்கும்.

பாலத்திலிருந்து அப்பாவோடு வந்த பொருள்களை யாரோ ஒரு பையில் போட்டு மெஷின்மேல் வைத்திருந்தார்கள். ஒற்றைச் செருப்பு, கண்ணாடி, போன். அடியில் கைப்பிடி வாரோடு பட்டை.

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. சின்ன வார் ஓடவில்லை. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. வளையங்கள் இரண்டும் அகன்று நிற்கிறபடி, வாரைப் பட்டையோடு சேர்த்து இருபுறமும் அழுத்தமாகத் தைத்திருந்தது. சீட்டு தைக்கிற கறுப்பு நூல். ஓரத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கட்டம், நடுவில் பெருக்கல் குறி. எந்த சீட்டை முடித்தாலும் அப்பா அந்தப் பெருக்கல் குறியைப் போட்டுத்தான் நூலை அறுப்பார்.

இப்படித் தைத்துவிட்டால் அது வெறும் பெல்ட். எந்த நாயும் உதறிவிட்டுப் போகலாம்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதானா? நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இறங்கிய கையோடு இன்னொரு கோபம் ஏறியது. அவரே கெடுத்திருக்கிறார். வாங்கிக் கொடுத்ததை அப்படியே போடத் தெரியாமல், தொழில் தெரியும் என்ற திமிரில் கை வைத்துக் கெடுத்திருக்கிறார். காலையிலிருந்து கொலைகாரிபோல் நிற்பது அவள். பட்டையைச் சுருட்டிக்கொண்டு வேகமாக வெளியே வந்தாள். அண்ணன் மூஞ்சியில் வீச வேண்டும். அத்தை மடியில் போட வேண்டும். இது யார் தையல், சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும்.

கதவுக்கு வெளியே அம்மா நின்றிருந்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள்.

“யாருகிட்டயும் காட்டாத.”

“உனக்குத் தெரியுமா?”

“ஊசியில நூல் கோத்துக் குடுத்ததே நான்தான். அவருக்குக் கண்ணு தெரியாதுல்ல.”

அம்மா மெத்தைமேல் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு நீ கத்தினியே, உங்க கழுத்துல மாட்டிப் பாருங்கன்னு. வந்து மாட்டிப் பாத்தாரு.”

“என்னத்த?”

“முள்சங்கிலியத்தான். கண்ணாடி முன்னால நின்னு மாட்டிக்கிட்டு, என்னை இழுக்கச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். அவரே இழுத்துக்கிட்டாரு. ரெண்டு எடத்துல குத்தி ரத்தம். சர்க்கரை உடம்பு, புண்ணு இன்னும் ஆறல. சட்டைய மேல வரைக்கும் மாட்டிக்கிட்டே திரிஞ்சாரு, நீ பாக்கலியா?”

அவள் பார்த்திருந்தாள். என்னப்பா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி என்று கிண்டல்கூடப் பண்ணினாள். கழுத்துப் பட்டனையே பிடித்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தது ஏன் என்று இப்போது தெரிந்தது.

“அப்புறம் நீ இதைக் கொண்டாந்த. இதையும் மாட்டிப் பாத்தாரு. இழுத்தா இறுகுது. இருமல் வந்துருச்சு. ‘இதுவும் இறுக்கத்தாண்டி செய்யுது, அவ பாத்தா மறுபடி கத்துவா’ன்னாரு. அதான் இறுகாம இருக்கத் தச்சாரு. தச்சதுக்கு அப்புறம் கழுத்துல போட்டுக்கிட்டு என்னை இழுக்கச் சொன்னாரு. இது துணிதானேன்னு இழுத்தேன். வீடு பூரா இழுத்தேன். ‘இத்தன வருஷம் கண்ணுக்குத் தெரியாத வாரால இழுத்த, இன்னிக்குத் தெரியற மாதிரி இழு’ன்னாரு. ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம். எவ்வளவு இழுத்தும் தலைய விட்டு வரவே இல்ல. ‘பாத்தியா, வராது. அப்புறம் எதுக்கு வீணா இறுக்கிக்கிட்டு’ன்னாரு.”

“மனுஷனுக்குத் தலை பெருசும்மா!” குரல் பிளந்தது. “கழுத்து சிறுசு! எப்படி வரும்? துரைக்குத்தான் கழுத்து பெருசு! அதுக்குத்தானே அந்த வாரே!”

“எனக்கென்ன தெரியும்? அவருக்கும்தான் என்ன தெரியும்?”

முன்னறையில் யாரோ இருமினார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியதில் அது இன்னும் கடுமையாக வந்தது.

“காலையிலேருந்து ஆளாளுக்கு என்னைக் கொன்னுட்டிருக்காங்க. அத்தை என்ன சொன்னான்னு கேட்டேல்ல? பக்கத்துலயே உக்காந்துட்டுக் கல்லு மாதிரி இருந்த. பெத்த பொண்ணும்மா நான்.”

அம்மா மெத்தையில் ஒட்டியிருந்த நாய் முடிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“உன்னைச் சொன்னா நீ திருப்பிப் பேசுவ,” என்றாள். “அவரைச் சொன்னா யாரு பேசுவா?”

அவள் கையிலிருந்த பட்டையை இன்னும் இறுகச் சுருட்டினாள்.

“இத காட்டினா உன் அத்தை என்ன சொல்லுவா? தன் கழுத்துல நாய் பெல்ட் மாட்டிப் பாத்துத் தச்சான் என் தம்பின்னு வீடு வீடாப் போய்ச் சொல்லுவா. ஊரு சிரிக்கும். இருக்கறப்ப சிரிச்சா பரவாயில்ல, சேந்து சிரிப்பாரு. இன்னிக்கு வேணாம்டி.”

வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் பட்டையை மெஷினின் இழுப்பறையில் போட்டு அறைந்து மூடினாள்.

அப்பாவை எடுத்தார்கள். தூக்கும்போது அந்தப் பட்டன் மறுபடி கழன்றது. அம்மாவுக்கு முன்னால் அவள் குனிந்து மாட்டினாள். கழுத்தோரத்தில் இரண்டு சிறிய பொருக்குகள் இருந்தன. துரையின் கழுத்தில் அவள் கழுவிய அதே அளவு.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. குடோன்காரர் கேட்டருகே மரியாதையாகக் கைகட்டி நின்றிருந்தார். பின்புறத்திலிருந்து தண்ணீர் அளையும் சத்தம் கேட்டது. அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் துழாவிக்கொண்டிருந்தான்.

அவள் பட்டறை வாசற்படியில் உட்கார்ந்து, அப்பாவின் பிளேடால் தையலைப் பிரித்தாள். சுலபத்தில் வரவில்லை. கார் சீட்டில் பத்துப் பேர் ஏறி மிதித்தாலும் பிரியாத நூல். பிளேடு நழுவி விரலைக் கீறியது. போய்ச் சேர்ந்த பிறகும் பிடிவாதம் என்று வாய்விட்டே திட்டினாள். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தாள். துரை பக்கத்தில் உட்கார்ந்து, பிரிந்து விழுகிற நூலை முகர்ந்தது.

அண்ணன் சொட்டச் சொட்ட முள்சங்கிலியோடு வந்தான். பின்னால் அத்தை.

“இன்னும் அந்த ரிப்பனா? உனக்கு வெக்கமே இல்லையா?” என்றான் அண்ணன்.

அவள் எழுந்தாள். அறுந்த நூலெல்லாம் கைக்குள் இருந்தது. விரித்துக் காட்டினால் போதும். அம்மா வீட்டு வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையைக்கூட அசைக்கவில்லை.

“ஆமா. நான் வாங்கினதுதான்,” என்றாள். “என் பட்டைதான் கழண்டுச்சு. போதுமா? அத்தை, உங்களுக்கும்தான். ஊரெல்லாம் சொல்லிக்குங்க. ஆனா அந்தச் சங்கிலி இது கழுத்துல ஏறாது. துரை என்கூட வருது.”

“எங்கே வெச்சுக்குவ? உன் ஒத்தை ரூம்லயா?”

“அது என் பாடு.”

“மறுபடி கழண்டு, அது பின்னால இன்னொருத்தர் ஓடினா?”

“நான் ஓட மாட்டேன்.” குரல் உடைந்தது. உடைந்ததற்காக அவன்மீது இன்னும் கோபம் வந்தது. “நான் உக்காந்து கூப்பிடுவேன்.”

குடோன்காரர் தொண்டையைச் செருமினார். “குடும்பத்துக்குள்ள எனக்கெதுக்குத் தம்பி? அதுவுமில்லாம இது எலும்பும் தோலுமால்ல இருக்கு. குடோனுக்கு எங்க ஆகும்? சோறு கீறு போட்டீங்களா இல்லையா?”

“அந்த ரகத்துக்கு எலும்பு தெரியணும்.”

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா நாள் முழுக்க அப்படிச் சத்தமாகப் பேசியிருக்கவில்லை.

“தெரியலன்னாதான் சீக்கு,” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அத்தை அபூர்வமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் குனிந்து பட்டையை மாட்டினாள். காதுக்குப் பின்னால் இரண்டு விரல் விட்டு, அளந்த இடத்தில். கைப்பிடி வாரைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கேட்டைத் தாண்டினாள்.

பெரிய சாலை முனையில் ஒரு பேருந்து நின்று புஸ்ஸென்று சீறியது. துரை நான்கு காலையும் ஊன்றித் தலையைத் தாழ்த்திப் பின்னால் இழுத்தது. வளையங்கள் நெருங்கின. பட்டை சற்றே சுருங்கிக் காதுகளுக்குக் கீழே நின்றது. துரை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தது. அவள் அங்கேயே, நடைபாதை ஓரத்தில், உட்கார்ந்தாள்.

“வா,” என்றாள்.

பேருந்து போனது. துரை வந்து அவள் தோளில் மூக்கை வைத்தது. சின்ன வார் தளர்ந்தது. பட்டையில் ஊசி போன துளைகள் சதுரமாக, நடுவில் பெருக்கல் குறியோடு, அப்படியே இருந்தன. அவள் அவற்றைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு, அடுத்த பேருந்து வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.